பசிபிக் சால்மன்: பிறப்பு, பயணம், சாவு, கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பசிபிக் சால்மனைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் உடனே எழும்: முட்டையிட்டதும் ஏன் சாகிறது? பிறந்த ஓடைக்கே எப்படித் திரும்பி வருகிறது? இரண்டுக்கும் கீழே பதில் உண்டு. ஆனால் நான் அதிகம் சொல்ல நினைப்பது வேறொன்று. 'சால்மன்' என்று எல்லாவற்றையும் ஒரே குவியலாக எண்ணினால் அந்த மீனைப் புரிந்துகொள்ள முடியாது. ஒவ்வொரு ஓடையிலும், ஒவ்வொரு ஏரிக்கரையிலும் தனித்தனிக் குடி இருக்கிறது. பாடப்புத்தகம் இதை உயிரித்தொகை என்று சொல்லும். இங்கே குடி என்றே எழுதுகிறேன், ஏனென்றால் ஊரோடும் வம்சத்தோடும் சேர்ந்த சொல் அது. இந்த மீனுக்கு இரண்டுமே பொருந்தும்.

எந்தெந்த மீன்களைப் பசிபிக் சால்மன் என்கிறோம்?

வட அமெரிக்கக் கரையில் ஐந்து: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். ஆசியக் கரையில் மட்டும் வாழும் மசு ஆறாவது. எல்லாம் 'ஆன்கோரிங்கஸ்' என்ற பேரினம். கொக்கி மூக்கு என்று அதற்குப் பொருள், இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தாடை வளைந்து கொக்கியாவதால் வந்த பெயர். ஸ்டீல்ஹெட் என்ற மீனும் இதே பேரினம்தான். ஆற்றிலேயே தங்கிவிட்டால் அதன் பெயர் ரெயின்போ டிரௌட், கடலுக்குப் போய்வந்தால் ஸ்டீல்ஹெட். அட்லாண்டிக் சால்மன் வேறு பேரினம், இங்கே அதற்கு வேலை இல்லை.

இவற்றில் பெரியது சினூக். 1949 இல் அலாஸ்காவில் பிடிபட்ட ஒன்று 57 கிலோ இருந்தது. சிறியது பிங்க், பெரும்பாலும் இரண்டு கிலோவை ஒட்டித்தான்.

ஒரு சால்மனின் வாழ்க்கை எப்படிப் போகும்?

இலையுதிர் காலத்தில் பெண் மீன் ஓடையின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் சரளைக் கற்களை அடித்துப் பள்ளம் பறிக்கும். அதில் முட்டையிடும். ஆண் அதே நொடியில் விந்தைப் பாய்ச்சும். பெண் சற்று மேலே நகர்ந்து அடுத்த பள்ளம் பறிக்கும்போது, அங்கிருந்து கிளம்பும் கற்கள் வந்து முந்திய முட்டைகளை மூடும். ஆக, தோண்டுவதும் மூடுவதும் ஒரே வேலை. கற்களின் இடுக்கில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் படிந்து இடுக்கு அடைத்தால் முட்டைக்கு மூச்சு முட்டும். மலைச்சரிவில் காட்டை வெட்டிச் சாலை போட்டால் ஓடை மீன் குறைவது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிர்காலத்தில் முட்டை பொரியும். குஞ்சு வயிற்றில் மஞ்சள் கருப் பையைச் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் கற்களுக்கு அடியிலேயே கிடக்கும். பை தீர்ந்ததும் வசந்தத்தில் மேலே வரும். இங்கிருந்துதான் இனங்களின் பாதைகள் பிரிகின்றன.

பிங்கும் சம்மும் காத்திருப்பதில்லை, விரல் நீளம்கூட வளராமல் கடலை நோக்கிப் போய்விடும். கோஹோ ஓடையிலேயே ஓராண்டாவது தங்கும், வடக்கே இன்னும் கூடுதல். சாக்கைக்கு ஏரி வேண்டும். அங்கே ஓராண்டோ இரண்டாண்டோ மிதவை உயிரிகளைத் தின்று வளர்ந்து, பிறகுதான் கடல். சினூக் இரண்டு விதமாகவும் செய்யும்: சில குடிகளில் குஞ்சுகள் சில மாதங்களில் கழிமுகத்துக்கு இறங்கிவிடும், சிலவற்றில் ஓராண்டு ஆற்றிலேயே இருக்கும். கடலில் பிங்குக்கு ஒன்றரை ஆண்டு போதும். சினூக் நான்கு, ஐந்து ஆண்டுகள்கூட அங்கே கழிக்கும்.

நன்னீர் மீன் உப்புத் தண்ணீரில் எப்படிப் பிழைக்கிறது?

கடலுக்கு இறங்கும் பருவத்தில் அதன் உடம்பே மாறுகிறது. விலாவில் இருந்த கரும்பட்டைகள் மறைந்து வெள்ளி நிறம் ஏறும். அதுவரை உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த செவுள்கள் உப்பை வெளியே தள்ளத் தொடங்கும். சிறுநீரகமும் வேலையை மாற்றிக்கொள்ளும். இந்தப் பருவத்து மீனுக்கு ஸ்மோல்ட் என்று பெயர். மாற்றத்துக்கு நாள் குறிப்பது பகலின் நீளமும் தண்ணீரின் வெப்பமும். கடலுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பிரச்சினைதான்: உடம்பு தயாராக இருந்த வாரங்கள் கடந்துவிடும், கடலில் இரை பெருகும் வாரங்களும் கைநழுவும்.

பிறந்த ஓடையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடைசிக் கட்டத்தில் வாசனையால். இதைத் தெளிவாக்கியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர். மலையேறிக்கொண்டிருந்தபோது சிறுவயதில் பழகிய ஓர் அருவியின் வாசனை வந்து, மறந்துபோன நினைவுகளையெல்லாம் கிளப்பியதாம். மீனுக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று அவருக்கு அங்கே தோன்றியிருக்கிறது. 1970களில் அவர் குழு கோஹோ குஞ்சுகளை மார்ஃபலின் என்ற வேதிப்பொருளின் மணத்துக்குப் பழக்கி மிச்சிகன் ஏரியில் விட்டது. அவை வளர்ந்து திரும்பும் காலத்தில் ஓர் ஓடையில் அதே பொருளைச் சொட்டவிட்டார்கள். மீன்கள் அந்த ஓடைக்குப் போயின. ஸ்மோல்ட் பருவத்தில் பதியும் மணம் ஆண்டுகள் கழித்தும் அழிவதில்லை.

சரி, திறந்த கடலில் ஓடையின் வாசனை ஏது? அங்கே பூமியின் காந்தப்புலம் உதவுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் கடலில் கலக்கும் ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சாக்கை, கழிமுகத்துக்கு எதிரே உள்ள வான்கூவர் தீவை வடக்கேயோ தெற்கேயோ சுற்றித்தான் வர வேண்டும். 56 ஆண்டு மீன்பிடிக் கணக்கை வைத்து 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று, எந்த ஆண்டு எந்த வழியில் அதிகம் வந்தன என்று பார்த்தது. காந்தப்புலம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது அல்லவா? ஆறு கடலில் கலக்கும் இடத்தில் முன்பு இருந்த காந்த அளவு, இப்போது எந்த வழியின் வாயிலில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மீன் கூடியிருந்தது. கடல்நீரின் வெப்பத்துக்கும் அதில் பங்கு இருந்தது.

ஒன்றுகூட வழி தவறாதா?

தவறும், தவறவும் வேண்டும். எல்லா மீனும் சொந்த ஓடைக்கே போயிருந்தால், பனியாறுகள் உருகி விலகியபோது புதிதாகத் திறந்த ஆறுகளில் இன்று சால்மனே இருந்திருக்காது. பெரும்பாலானவை வீடு திரும்புவதால் குடிகள் தனித்தன்மை பெறுகின்றன, சில வழிமாறுவதால் புதுக் குடிகள் பிறக்கின்றன.

முட்டையிட்டதும் ஏன் சாகிறது?

களைப்பால் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு விடை இல்லை, ஏனென்றால் கடலிலிருந்து சில கிலோமீட்டர் மட்டுமே நீந்தி வந்து முட்டையிடும் பிங்கும் சாகிறது.

ஆற்றில் ஏறியதும் சால்மன் இரை எடுப்பதை நிறுத்திவிடும். சேர்த்த கொழுப்பையும் பிறகு சதையையும் எரித்தே நீந்தும், சினையை வளர்க்கும். சாக்கையின் உடம்பு சிவப்பாவதுகூட இப்படித்தான்: சதையில் இருந்த நிறமி தோலுக்கும் முட்டைக்கும் போகிறது, சதை வெளிறுகிறது. கார்டிசால் என்ற இயக்குநீர் எக்கச்சக்கமாக ஏறும். அந்த ஏற்றத்தில் நோய் எதிர்ப்பு சரியும், உறுப்புகள் சிதையும், தோலில் பூஞ்சை படரும். முட்டையிட்ட பெண் சில நாட்கள் பள்ளத்தைக் காவல் காத்து, அப்படியே ஒதுங்கி இறந்துவிடும்.

இந்தச் சாவு இனப்பெருக்க உறுப்பின் முதிர்ச்சியோடு கட்டுண்டது என்பதை 1961 இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. கடலுக்கே போகாமல் ஏரியில் வாழும் சாக்கைக்குக் கொக்கனி என்று பெயர், வழக்கமாக நான்கு வயதையொட்டி முட்டையிட்டு இறக்கும். அவற்றின் இனப்பெருக்க உறுப்பைச் சிறுவயதிலேயே நீக்கிவிட்டபோது சில எட்டு வயதுவரை உயிரோடு இருந்தன.

பரிணாமக் கணக்கில் பார்த்தால்: ஆற்றிலும் கடலிலும் இன்னொரு சுற்றுப் போய் உயிரோடு மீள்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக உடம்பில் மிச்சம் வைப்பதைவிட இருப்பதையெல்லாம் இந்த ஒரு முட்டையிடலில் போட்ட வம்சமே தழைத்தது. பெரிய முட்டைகள், ஆழமான பள்ளம், கடைசி மூச்சுவரை காவல். ஸ்டீல்ஹெட் மட்டும் விலக்கு, அதில் ஒரு பகுதி கடலுக்குத் திரும்பி மறுபடியும் வரும். மசு இனத்தில் கடலுக்கே போகாமல் ஓடையில் முதிரும் குட்டி ஆண்களிலும் சில பிழைத்துக்கொள்ளும்.

பெரிய ஆண்களுக்கு நடுவே சின்ன மீன்கள் தெரிகின்றனவே, அவை என்ன?

அவையும் முதிர்ந்த ஆண்களே. ஜாக் என்று பெயர். கோஹோ ஆண் வழக்கமாக ஒன்றரை ஆண்டு கடலில் இருந்து திரும்பும், ஜாக் ஆறே மாதத்தில் வந்துவிடும். பெரிய ஆணோடு சண்டையிட்டு அதால் ஜெயிக்க முடியாது. பாறை மறைவில் பதுங்கியிருந்து, முட்டை விழும் நொடியில் பாய்ந்து விந்தைவிட்டு ஓடும். நடுத்தர உடம்புக்காரனுக்குத்தான் இங்கே திண்டாட்டம்: சண்டைக்குச் சிறிது, ஒளிவதற்குப் பெரிது. அதனால் இரண்டு வழிகளும் ஒரே குடியில் நிலைத்திருக்கின்றன. மீன்வள அலுவலர்களுக்கு ஜாக்கால் இன்னொரு பயனும் உண்டு. இந்த ஆண்டு வந்த ஜாக்கின் எண்ணிக்கையைப் பார்த்து, அதன் கூடப்பிறந்தவை அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று ஊகிக்கிறார்கள்.

ஒரு பெண் இடும் சுமார் 3,000 முட்டையில் எத்தனை மீன் திரும்பி வரும்?

குடி கூடாமல் குறையாமல் நிலைத்திருக்க, ஒரு பெண் இட்ட முட்டைகளிலிருந்து சராசரியாக இரண்டு மீன் திரும்பி முட்டையிட்டால் போதும். மிச்சமெல்லாம் வெள்ளத்திலும் வண்டலிலும், பறவை, மீன், கடல்நாய் வாயிலும், வலையிலும் போகும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டு நான்காக உயர்வதும் ஒன்றாகக் குறைவதும் மிகச் சிறிய மாற்றங்களால் நடந்துவிடும் என்பது. கடலில் பிழைக்கும் விகிதம் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தால், பார்ப்பவர்களுக்கு எதுவுமே மாறியதாகத் தெரியாது, ஆனால் திரும்பும் மீன் பாதியாகிவிடும்.

அப்படியானால் முட்டையிட எவ்வளவு அதிகமாக மீன் வந்தாலும் நல்லதுதானே?

ஓர் அளவுவரை. ஓடையில் நல்ல சரளை கொஞ்சம்தான். பிந்தி வரும் பெண், முந்தி வந்தவள் முட்டைகளைத் தோண்டி எறிந்துவிட்டுத் தன்னுடையதை இடுவாள். ஏரியில் குஞ்சுகள் மிகுந்தால் இரை பற்றாது. கனடாவின் மீன்வள அறிஞர் வில்லியம் ரிக்கர் 1954 இல் இதை ஒரு வளைகோடாக எழுதினார்: பெற்றோர் கூடக் கூடப் பிள்ளைகள் கூடும், உச்சம் தொடும், பிறகு இறங்கும். எத்தனை மீனை வலையிலிருந்து தப்பவிட்டு ஆற்றில் ஏற்ற வேண்டும் என்று முடிவெடுக்க இன்றும் இந்தக் கோடு பயன்படுகிறது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. உச்சத்துக்கு மேல் வரும் மீன் 'வீண்' என்று அந்தக் கோடு பேசவைத்துவிடுகிறது. குஞ்சு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். கரடியும் கழுகும் ஆற்றங்கரை மரமும் அந்தக் கோட்டில் இல்லை. கடலில் சேர்த்த நைட்ரஜனை மலையடி ஓடைவரை சுமந்துவருவது இந்த மீன். கரடி காட்டுக்குள் இழுத்துப்போய்ப் பாதி தின்று போட்ட உடல் மண்ணில் மக்குகிறது. கடலில் கூடுதலாக இருக்கும் கனமான நைட்ரஜன் வகை ஓடையோர மரங்களில் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஓடையிலும், செத்த உடல்களால் பெருகும் பூச்சிகளைத் தின்று அடுத்த தலைமுறைக் குஞ்சு வளர்கிறது.

ஒரு வருஷம் ஆறு நிறைய மீன், மறு வருஷம் காலி. ஏன்?

பிங்க் சால்மனில் இது மிகத் தெளிவு. அதன் ஆயுள் சரியாக இரண்டு ஆண்டு. ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தது ஒற்றைப்படை ஆண்டில்தான் முட்டையிடும், இரட்டைப்படைக் கூட்டத்தை அது சந்திப்பதே இல்லை. ஒரே ஓடை, ஒரே கற்கள், ஆனால் மரபணுவில் பிரிந்துபோன இரண்டு குடிகள். ஃபிரேசர் ஆற்றில் ஒற்றைப்படை ஆண்டுகளில் பிங்க் கோடிக்கணக்கில்கூட வரும், இரட்டைப்படையில் ஏறக்குறைய இல்லை. 1956 இல் தண்டர் பே என்ற இடத்தில் தற்செயலாக சுபீரியர் என்ற நன்னீர் ஏரிக்குள் போன பிங்க் குஞ்சுகள் அங்கேயே நிலைத்தன. அந்தப் புதிய இடத்தில் சில மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ள, இரட்டைப்படை ஆண்டுக் கூட்டமும் உருவானது. இவ்வளவு இறுகிய கடிகாரமும் இடம் மாறினால் தளரும்.

ஃபிரேசர் சாக்கைக்கு நான்காண்டுச் சுற்று. ஆடம்ஸ் ஆற்றுக் குடி 2010, 2014, 2018, 2022 என்று நான்காண்டுக்கு ஒருமுறை பெருக்கெடுக்கும். இது தெரியாமல் 2009 ஐயும் 2010 ஐயும் பக்கத்தில் வைத்தால் தலை சுற்றும். 2009 இல் ஃபிரேசருக்கு ஒரு கோடிக்கு மேல் எதிர்பார்த்தார்கள், வந்தது ஏறத்தாழ 15 லட்சம். கனடா அரசு நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையமே அமைத்தது. மறு ஆண்டே 2.8 கோடிக்கு மேல் வந்து குவிந்தது. 'பாருங்கள், மீண்டுவிட்டது' என்றார்கள். மீளவில்லை. 2010 இல் வந்தது பெரும்பாலும் வேறு பெற்றோரின் பிள்ளைகள், பெருஞ்சுற்று ஆண்டின் குடி. பக்கத்து வீட்டுப் பிள்ளை தேறியதை வைத்து இந்த வீட்டு நோயாளி குணமானான் என்பது போல் ஆகிவிடும். ஆணையம் 2012 இல் தந்த அறிக்கை, சரிவுக்கு ஒற்றைக் குற்றவாளி இல்லை என்றது.

எல்லாம் சால்மன்தானே, ஒரு ஓடைக் குடி அழிந்தால் என்ன நஷ்டம்?

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய சாக்கை வரத்து அங்கேதான், 2022 இல் சுமார் 7.9 கோடி. ஆனால் அது ஒரு மீன்கூட்டம் அல்ல, பல நூறு குடிகள். சில ஏரிக்கரையில் முட்டையிடும், சில ஆழமான ஆற்றில், சில கணுக்கால் அளவு ஓடையில். குளிர்ந்த வெயிலற்ற ஆண்டு ஒரு குடிக்குச் சாதகம், மற்றொரு குடிக்குப் பாதகம். ஒன்று சரியும்போது இன்னொன்று ஏறுகிறது. 2010 இல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கம், எல்லாம் ஒரே குடியாக இருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 2.2 மடங்கு குறைவு. ஒரே குடியாக இருந்தால், மீன்பிடிப்பை மூட வேண்டிய ஆண்டுகள் பத்து மடங்கு அடிக்கடி வந்திருக்கும்.

இந்த வேறுபாடு உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஃபிரேசரில் நெடுந்தூரம் ஏறி உயரமான சில்கோ ஏரிக்குப் போகும் சாக்கையின் இதயம், கீழே பக்கத்தில் முட்டையிடும் சாக்கையுடையதைவிட வலுவானது, அதிக வெப்பத்தையும் தாங்கும். யூகான் ஆற்றில் சினூக் 3,000 கிலோமீட்டர் பட்டினியாக நீந்தும், அதற்கேற்ற கொழுப்போடு ஆற்றில் நுழையும். குறுகிய ஆற்று மீனைக் கொண்டுபோய் யூகானில் விட்டு அந்த இடத்தை நிரப்ப முடியாது. அந்த யூகான் சினூக் மிகவும் குறைந்துபோனதால், 2024 இல் அலாஸ்காவும் கனடாவும் அதன் பிடிப்பை ஏழு ஆண்டுக்கு நிறுத்த ஒப்புக்கொண்டன. அது ஒரு சினூக்கின் முழு ஆயுள்.

குஞ்சு பொரிப்பகங்கள் குறையை ஈடுகட்டாதா?

எண்ணிக்கையை ஈடுகட்டும். வட பசிபிக் நாடுகள் சேர்ந்து ஆண்டுக்கு 500 கோடியளவு குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்புகின்றன, பெரும்பகுதி பிங்கும் சம்மும். மீன்பிடித் தொழில் பல இடங்களில் இதை நம்பி நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொட்டியில் பிழைக்கும் குணம் வேறு, ஆற்றில் பிழைக்கும் குணம் வேறு. ஓரிகனின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட்டில் செய்த மரபணு ஆய்வு, பொரிப்பகத்தில் வளர்த்த தலைமுறைகள் கூடக் கூட, அவை ஆற்றில் விடும் சந்ததி வேகமாகக் குறைவதைக் காட்டியது. அவை காட்டுமீனோடு கலந்தால் அந்தக் குறை அங்கேயும் போகும். கடலிலும் இடம் எல்லையற்றதல்ல, பிங்க் பெருகும் ஆண்டுகளில் சாக்கையின் வளர்ச்சி மட்டுப்படுவது பதிவாகியிருக்கிறது.

அணைகளால் எவ்வளவு பாதிப்பு?

கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணை 1942 இல் முடிந்தது. மீன்கள் அணையைத் தாண்டி ஏறுவதற்கான நீர்ப்படிகள், அதாவது மீன் ஏணி, அதில் இல்லவே இல்லை. அதற்கு மேலே இருந்த குடிகள் அத்தோடு முடிந்தன. ஏணி இருந்தாலும் தாய்மீன் ஏறுவது பாதிக் கதைதான். கீழே இறங்கும் ஸ்மோல்ட் சுழலியில் அடிபடும், தேங்கிய நீரில் வேகம் இழந்து நாள் கடத்தும்.

ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை, கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் நீந்தி 2,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும், வழியில் எட்டு அணைகள். 1991 இல் அமெரிக்கா அதை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தது. 1992 இல் அந்த ஏரிக்குத் திரும்பியது ஒரே ஒரு ஆண் மீன்.

கடல் சூடாவதும் நகரமும் என்ன செய்கின்றன?

ஆற்றுநீர் 18 டிகிரியைத் தாண்டினாலே ஏறும் மீன் திணறும், 20க்கு மேல் பலவற்றுக்கு உயிராபத்து. கடல் சூடானால் கொழுத்த மிதவை உயிரிகளின் இடத்தைச் சத்துக் குறைந்தவை பிடிக்கும். அலாஸ்காவில் திரும்பிவரும் மீன்களின் உடல் அளவு பல ஆண்டுகளாகச் சிறுத்து வருகிறது, சினூக்கில் அதிகம். சிறிய பெண் என்றால் குறைந்த முட்டை, ஆழம் குறைந்த பள்ளம்.

நகரத்தின் பங்குக்கு ஒரே எடுத்துக்காட்டு. சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழைக்குப் பிறகு கோஹோ முட்டையிடும் முன்பே செத்து மிதந்தது நெடுநாள் மர்மமாக இருந்தது. அதற்குக் காரணம், டயர் தேய்ந்து விழும் துகளில் உள்ள ஒரு பாதுகாப்பு ரசாயனம் காற்றின் ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் நஞ்சு என்று 2020 இல் தெரிந்தது. சம் சால்மனை அது அவ்வளவாகத் தாக்குவதில்லை.

அணையை எடுத்தால் மீன் திரும்பி வருமா?

வரும், எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம். வாஷிங்டனின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றினார்கள், சால்மன் மேலே ஏறியது. ஓரிகன், கலிபோர்னியா வழியாக ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024 இல் அகற்றி முடித்தார்கள். அதே இலையுதிர் காலத்தில், நூறாண்டுக்கு மேலாகச் சால்மன் பார்க்காத ஓரிகன் பகுதியில் சினூக் தென்பட்டது.

ஆனால் எந்த சினூக் என்று கேட்க வேண்டும். வந்தவை இலையுதிர் காலத்தில் ஏறும் குடி. பழைய காலத்தில் மேல் கிளாமத்தில் வசந்தத்தில் ஏறும் சினூக்கும் இருந்தது. பனி உருகிய வெள்ளத்தில் ஏறி, குளிர்ந்த மடுவில் கோடை முழுக்கப் பட்டினி கிடந்து, பிறகு முட்டையிடும். முன்னதாகக் கிளம்பும் இந்தக் குணத்தை மரபணுத் தொகுதியின் ஒரே ஒரு சிறு பகுதி தீர்மானிக்கிறது என்பது இப்போது தெரியும். அந்த வகை மறைந்துபோன குடியிலிருந்து அது தானாக முளைத்துவிடாது. கிளாமத்தின் கிளையாறான சால்மன் ஆற்றில் அந்த வசந்தக் குடி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் ஆட்கள் முகமூடி அணிந்து நீரில் மூழ்கி, மடு மடுவாக நீந்தி, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.